வெர்லின் விட்டுப்போன தோட்டா

கேட்டதும் கொடுத்துவிட்டாள். பிற்பாடு எத்தனை தடவை யோசித்துப் பார்த்தும் லவோன் ப்ரூயிட்டுக்குப் பிடிபடாதது அந்த ஒரு விஷயம்தான்.

பார்டீ என்ற ஊரிலிருந்து வடக்கே போகும் செம்மண் சாலையில், கோடைப் புயலில் கூரைத் தகடு பெயர்ந்துபோன பண்ணை வீடு ஒன்று விற்பனைக்கு இருந்தது. பார்க்க வந்தவன் பெயர் ரஸ்க். வெளியூர்க்காரன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை பிக்கப் வண்டி, சேறே படாத பூட்ஸ். லவோன் முன்னால் நடந்து ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு போனாள். வீடு காட்டுகிறவள் எப்போதும் பின்னால்தான் வரவேண்டும், வாடிக்கையாளரை முன்னால் விடவேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். புதிதாக வந்த பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அன்றைக்கு மறந்துபோனது. கடைசிப் படுக்கையறையில் அலமாரிக் கதவைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பினால், ரஸ்க் அறைக்கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"சரியா மூடுதான்னு பாத்தேன்," என்றான். ஆனால் நகரவில்லை.

கைப்பைக்குள் வெர்லினின் பிஸ்டல் இருந்தது. குழல் வாய் அளவில் நாற்பது காலிபர். வெர்லின் அவள் புருஷன். மாட்டுத்தீவன லாரி ஓட்டியவன். வசந்தகாலத்தில் ஒருநாள் டீசல் போட நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங்மேல் தலை வைத்துப் படுத்தான், எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரர்கள் குழலிலிருந்த தோட்டாவை இறக்கி அடுக்கின் மேலேயே செருகிக் கொடுத்த அந்தத் துப்பாக்கி, அவன் போனதிலிருந்து அவள் பையில் கிடக்கிறது. அன்றுதான் முதல்தடவையாக அதை வெளியே எடுத்தாள்.

எடுத்தால் மட்டும் போதாது. மேலே உள்ள இரும்பைப் பின்னால் இழுத்து விட்டால்தான் அடுக்கிலிருக்கும் தோட்டா குழலுக்குள் ஏறும். லவோன் இழுத்தாள். வரவில்லை. பையை நழுவவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மறுபடி இழுத்தாள். கட்டைவிரல் அடிமூட்டில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தமாதிரி வலி. இரும்பு அசையவில்லை.

ரஸ்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"கை வலிக்குதா மேடம்? குடுங்க, நான் இழுத்துத் தர்றேன்."

கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டால் பக்கத்தில் நிற்கிற ஆம்பிளையிடம் நீட்டுவது பார்டீயில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் கைவந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில் கை தானாக நீண்டுவிட்டது. அவன் ஒரே இழுப்பில் இழுத்து விட்டான். சளக். பிறகு பிடியை அவள் பக்கம் திருப்பி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப ரெடி. வீடு பரவால்ல. கூரையப் பத்தி யோசிச்சுட்டு கூப்பிடறேன்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. லவோன் வீட்டைப் பூட்டினாள், சாவியை வாசல் பெட்டியில் போட்டாள், துப்பாக்கியைக் காரின் முன்பெட்டிக்குள் வைத்தாள். வீட்டுக்குப் போய் முந்தின நாள் பீன்ஸைச் சுடவைக்காமலே பாதி தின்றாள். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. வெர்லினின் சவப்பெட்டியை இறக்கிய அன்றும் இப்படித்தான் இருந்தது. உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டமாதிரி.

அவள் கை கெட்டது பள்ளிக்கூடத்துச் சமையலறையில். இருபது வருஷத்துக்குமேல் அங்கே வேலை. பெரிய டின்களைத் திறந்து, வாளி அளவு உருளைக்கிழங்கை மசித்து, கனத்த இரும்புத் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்து இழுத்து இரண்டு கட்டைவிரல்களின் அடியிலும் எலும்பு தேய்ந்துபோனது. வலி பொறுக்கமுடியாமல் அதை விட்டுவிட்டு, பரீட்சை எழுதி, வீடு விற்கும் உரிமம் வாங்கினாள். பேச்சு அவளுக்கு வரும். யாருக்கு எந்த வீடு சரிப்படும் என்று சொன்னால் தப்பாது. பண்ணை வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தள்ளி இருக்கும், தனியாகத்தான் போகவேண்டும். தனியாகப் போகமுடியாவிட்டால் இந்த வேலையும் இல்லை. அறுபத்தோரு வயதில், இந்தக் கையை வைத்துக்கொண்டு, வேறு வேலையும் இல்லை.

நடந்ததை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். வெர்லினின் அக்கா ட்வைலாவிடம், போனில், மழை வருமா வராதா என்பதைச் சொல்கிற குரலில்.

"குடுத்தியா?" என்றாள் ட்வைலா. "என் தம்பி துப்பாக்கிய எவனோ ஒருத்தன் கையில தூக்கிக் குடுத்தியா?"

"திருப்பிக் குடுத்துட்டான்."

"அடிப் பாவி, அதுவா பேச்சு? நாளைக்குக் காலையில ரெடியா இரு. வெண்டெல் கடைக்குப் போறோம்."

வெண்டெல் ஹேட்சரின் கடையில் முன்பாதியில் தூண்டிலும், வேட்டைக்கு மான்களை வரவழைக்கும் தீவனமும் இருக்கும், பின்பாதியில் துப்பாக்கி. அதற்கும் பின்னால், மண்மேட்டுக்கு எதிரே, நாலு பேர் நின்று சுட்டுப் பார்க்கத் தகரக்கொட்டகை. காலையில் காபி குடிக்க வருகிறவர்களுக்காகக் கல்லா ஓரத்தில் மூன்று நாற்காலி. அந்தக் கடையில் மதத்தைப் பற்றிப் பேசினால் கைகலப்பு வராது. எந்தக் காலிபர் நல்லது என்று பேசினால் வரும்.

அன்று ஒரு நாற்காலியில் ஹாய்ட் உட்கார்ந்திருந்தார். ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் நாற்பத்தைந்து இல்லாமல் அவரைத் தேவாலயத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

"நாப்பத்தஞ்சு வாங்கு லவோன்," என்றார், அவள் வாயைத் திறப்பதற்குள். "அதுல சுட்டா எவனும் ரெண்டாவது தடவ கேக்கமாட்டான்."

"உமக்கு எல்லாத்துக்கும் நாப்பத்தஞ்சு," என்றான் வெண்டெல். "தலைவலிக்கு என்ன சாப்பிடுவீர்?"

"போடா. ஒம்பது எம்.எம். விக்கிற வாயால பேசாத."

"ஊர் பூரா போலீசே ஒம்பதுக்குத் திரும்பிட்டான். நீர்தான் இன்னும் பழைய பீரங்கியக் கட்டிக்கிட்டு அழறீர்."

வெண்டெல் லவோனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவளிடம் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டான். "எடுத்து வை, பாப்போம்."

அவள் காரிலிருந்து பைக்குள் மாற்றிக் கொண்டுவந்த நாற்பதை எடுத்து ரப்பர் விரிப்பின்மேல் வைத்தாள். "உள்ள தோட்டா ஏறியிருக்கு. எனக்கு இறக்க வரல. அவன் ஏத்தினது அப்படியே இருக்கு."

கடைக்குள் துப்பாக்கியைத் தோட்டா ஏற்றிக் கொண்டுவரக் கூடாதென்று வாசலிலேயே பலகை இருக்கிறது. வெண்டெல் தோட்டா அடுக்கை உருவி வைத்தான். குழலைச் சுவர்ப் பக்கம் காட்டி இரும்பை இழுத்தான். உள்ளே இருந்த தோட்டா துள்ளி விரிப்பில் விழுந்து உருண்டது. எடுத்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடுக்கிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான்.

ஒன்று குட்டையாக இருந்தது. ஒரு துவரம்பருப்பு அளவு வித்தியாசம். பித்தளைக் கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவேண்டிய குண்டு உள்ளே இறங்கியிருந்தது. முனை பூராவும் கீறல்.

"வெர்லின் டெய்லி இறக்கி ஏத்துவானா?" என்று கேட்டான்.

"ராத்திரி இறக்குவார். காலையில ஏத்துவார்."

"இதே தோட்டாவையா?"

"அதேதான். ஜன்னல் விளிம்புல நிக்கவெச்சிருப்பார். காபி குடிச்சுட்டு எடுத்து ஏத்திக்குவார்."

ஹாய்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து இரண்டு தோட்டாக்களையும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தார்.

"என்னய்யா, என்ன?" என்றாள் ட்வைலா. "ஆளாளுக்கு ஏன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

வெண்டெல் லவோனைப் பார்த்துத்தான் சொன்னான். "ஒவ்வொரு தடவ ஏத்தும்போதும் முனை போய் இரும்புல இடிக்கும். இடிச்சு இடிச்சு குண்டு உள்ள போயிடும். உள்ள வெடிமருந்துக்கு இடம் சுருங்கிடும். அப்படி இருக்கறத சுட்டா அழுத்தம் தாங்காது. அதுலயும் இந்த நாப்பது ரொம்ப மோசம். துப்பாக்கி கையிலயே வெடிக்கும். அதான் நாங்கல்லாம் மாத்தி மாத்தி ஏத்தறது."

"என் தம்பி தோட்டாவ மாத்துவானா?" என்றாள் ட்வைலா. "பிஞ்ச பூட்ஸையே மாத்தமாட்டான்." சிரித்தமாதிரி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

லவோனுக்கு அந்தத் தோட்டாவின் கதை தெரியும். கல்யாணமான புதிதில் அவள்தான் சொன்னாள். இந்தக் கூரைக்குக் கீழே தோட்டா ஏறிய துப்பாக்கி இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, இறக்கிவிட்டுத்தான் நீ படுக்க வரவேண்டும் என்று. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு வெர்லின் ஒரு ராத்திரியும் தவறியதில்லை. பிள்ளை இல்லாத வீடு; பயப்பட வேறு காரணமும் இல்லை. காலையில் அந்தச் சளக் சத்தம் கேட்டால் அவன் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். அதைக் கேட்டபிறகுதான் அவள் புரண்டு படுப்பாள்.

"நான்தான் இறக்கச் சொன்னேன்," என்றாள்.

ஏதாவது ஒன்று தனக்குள் அசையவேண்டும் என்று லவோனுக்குத் தெரிந்தது. வெர்லின் இத்தனை வருஷம் தன்னைக் காப்பதாக நம்பி இடுப்பில் வைத்திருந்தது, முதல் தடவை சுட்டதுமே அவன் விரல்களைப் பிய்த்திருக்கும். ரஸ்க் ஏற்றிக் கொடுத்ததும் அதே தோட்டாதான். அன்று அவள் விசையை அழுத்தியிருந்தால் ரஸ்க்குக்கு என்ன ஆகியிருக்குமோ, அவள் கை போயிருக்கும். இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். அடுத்த தெருவில் யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல இருந்தது.

"இத நான் வெச்சுக்கறேன்," என்றான் வெண்டெல். "வெளிய விடக்கூடாது."

கல்லாவுக்குக் கீழே கெட்டுப்போன தோட்டாக்களுக்கென்று எண்ணெய் ஊற்றிய காபி டின் ஒன்று இருந்தது. அதில் போட்டான். லவோன் எட்டிப் பார்த்தாள். விழுந்ததும் எது வெர்லினுடையது என்று தெரியவில்லை.

முதலில் வெண்டெல் எடுத்து வைத்தது ரோஜாநிறப் பிடி போட்ட குட்டி ரிவால்வர். பெண்களுக்கென்று எல்லோரும் எடுத்து வைப்பது அதுதான். பைக்குள் வைத்தால் இருப்பதே தெரியாது. கொட்டகைக்குப் போய் ஒரே ஒரு தடவை சுட்டாள். எடை இல்லாத துப்பாக்கி சுட்டதும் கையைப் பின்னால் அதிகமாக உதைக்கும். கட்டைவிரல் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பொம்பளைங்களுக்குன்னு செஞ்சவன் பொம்பள கையப் பாத்திருக்கானா?" என்றாள் ட்வைலா.

அடுத்து ஒன்பது எம்.எம். அதில் சுலபமாக இழுக்கவருகிற ரகமும் இருந்தது. இழுக்கவும் வந்தது. ஆனால் தோட்டாக்களை அடுக்குக்குள் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கி ஏற்றவேண்டும். மூன்றாவதோடு நிறுத்திவிட்டாள்.

"அத நான் வாரவாரம் ஏத்தித் தர்றேனே," என்றார் ஹாய்ட்.

"வேணாம். இன்னொருத்தர் கையில குடுக்கறதா இல்ல."

வெண்டெல் உள்ளே போய்ப் பழைய துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தான். முழு இரும்பு ரிவால்வர். முப்பத்தெட்டு. அஞ்சு தோட்டா. யாரோ ஒரு வங்கிக் காவலாளி வைத்திருந்தது. நீலச்சாயம் விளிம்பெல்லாம் வெளுத்திருந்தது. கையில் வாங்கினால் கனமாக இருந்தது. உருளையைத் திறந்து, குழிகளில் தோட்டாக்களைப் போட்டு மூடவேண்டியதுதான். இழுக்க எதுவும் இல்லை. அவன் கொடுத்த தோட்டாக்களுக்கு முனையே இல்லை. குண்டு பித்தளையின் வாயோடு வாயாக, வெட்டிவிட்டமாதிரி தட்டையாக இருந்தது.

ஹாய்ட் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், இது பேப்பர்ல ஓட்டை போடற தோட்டாடா! போட்டிக்காரன் மார்க் எண்ணறதுக்கு வெச்சிருக்கறது. அவளுக்கு ஒழுங்கா குழி முனைத் தோட்டா குடு. உள்ள போனதும் பூ மாதிரி விரியற மாதிரி."

"இவ்வளவு குட்டக் குழல்ல அது விரியற வேகம் வராது. தடிமனான சட்ட போட்டிருந்தா துணி போய்க் குழிய அடைச்சுக்கும். அப்புறம் உதை மட்டும்தான் மிச்சம். இது மெதுவாத்தான் போகும், நேரா போகும், போதுமான ஆழம் போகும்." வெண்டெல் அவள் பக்கம் திரும்பினான். "சுட்டுப் பாரு."

சுட்டாள். விசை கனமாக இருந்தது. ஆனால் அவளுக்கு நோவு கட்டைவிரலில்தான், ஆள்காட்டி விரலில் இல்லை. துப்பாக்கி ஒரு தடவை முட்டிவிட்டு நின்றது. அஞ்சையும் சுட்டாள். வெண்டெல் போய்க் குறிக்கு மாட்டியிருந்த காகிதத்தை எடுத்துவந்தான். காகிதத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் அஞ்சு ஓட்டை. அச்சு வைத்து வெட்டியமாதிரி வட்டமாக, சுத்தமாக.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் ஹாய்ட், மனசில்லாமல். "ஆனா லவோன், முப்பத்தெட்டால சுட்டா அவனுக்குக் கோவம்தான் வரும்."

"நாப்பத எடுத்தப்ப அவனுக்குச் சிரிப்பு வந்துச்சு," என்றாள் லவோன்.

ஹாய்ட் குனிந்து காகிதத்திலிருந்த ஓட்டைகளை மறுபடி எண்ணினார்.

"அப்ப வெர்லின் துப்பாக்கி?" என்று கேட்டாள் ட்வைலா. குரல் மாறியிருந்தது. "அவன் தொட்டுத் தொட்டு வெச்சிருந்தது. சும்மா கெடக்கட்டும்னு விட்டுடுவியா?"

"நீ எடுத்துக்க."

"நான் கேட்டேனா? உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

லவோன் யோசித்தாள். "அத இழுத்தா கை வலிக்குது," என்றாள். "இது வலிக்கல." ட்வைலா நாற்பதை வாங்கித் தன் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள். வழி முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் ரஸ்க் கூப்பிட்டான். வீட்டை இன்னொரு தடவை பார்க்கவேண்டுமாம்.

போகாதே என்றாள் ட்வைலா. நான் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார் ஹாய்ட். லவோன் இரண்டு பேருக்கும் வேண்டாம் என்றாள். இந்த வீட்டுக்கு ஹாய்ட் வருவார். அடுத்த வீட்டுக்கு? அதற்கடுத்த வீட்டுக்கு?

குளிர் ஆரம்பித்திருந்தது. வெர்லினின் கனத்த கான்வாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டாள். வலது பைக்குள் உறையோடு ரிவால்வர், அதன்மேல் அவள் கை. ரஸ்க் அதே வெள்ளை வண்டியில் வந்தான். தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தான்.

"நீங்க முன்னாடி போங்க," என்றாள்.

போனான். சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தான். கிணற்று மோட்டாரைப் பற்றிக் கேட்டான். கூரைத் தகட்டைப் பற்றிக் கேட்டான். அவள் பதில் சொன்னாள். கடைசிப் படுக்கையறைக்குள் அவன் மட்டும் நுழைந்தான். அவள் கதவுக்கு வெளியே, நடைவழியில் நின்றுவிட்டாள்.

அவன் திரும்பி அவளுடைய கோட்டுப் பையைப் பார்த்தான். "துப்பாக்கி மாத்திட்டீங்களா மேடம்?"

"மாத்திட்டேன்."

"என்ன காலிபர்?"

"முப்பத்தெட்டு."

"சின்னதாச்சே." கையை நீட்டினான், அன்றைக்கு நீட்டியமாதிரியே, உள்ளங்கையை மேலே காட்டி. "பாக்கலாமா?"

"முடியாது," என்றாள் லவோன்.

கை நீட்டியபடியே இருந்தது. இருக்கவேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்தாள். பைக்குள் விரல் போய் விசையைக் காக்கும் இரும்பு வளைவின்மேல் படுத்துக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு அளவு என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

ரஸ்க் கையை மடக்கித் தன் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அன்னிக்கும் நீங்க குடுத்திருக்கக் கூடாது மேடம்," என்றான். அக்கறையாகச் சொன்னானா, வேறு எப்படியாவது சொன்னானா என்று அந்தக் குரலிலிருந்து ஒன்றும் எடுக்கமுடியவில்லை.

"தெரியும். வாங்க, வெளிய போங்க. முன்னாடி நடங்க."

அவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். அவன் நடந்தான். வாசலில் நின்று கூரையை ஒருதடவை அண்ணாந்து பார்த்தான். "எனக்குச் சரிப்படாது," என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போனான். செம்மண் புழுதி அடங்கும்வரை அவள் படியிலேயே நின்றாள். பிறகு பூட்டினாள். சாவியைப் பெட்டியில் போட்டாள். போகும் வழியில், சனிக்கிழமை வேறு ஒரு வீடு பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்த கணவன் மனைவியைக் கூப்பிட்டு, வரலாம் என்று சொன்னாள்.

சாயங்காலம் சோளரொட்டியும் பீன்ஸும் சுடவைத்துச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கோட்டுப் பையிலிருந்து ரிவால்வரை எடுத்து, வெர்லின் தோட்டாவை நிறுத்திவைக்கும் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அங்கே வண்ணப்பூச்சில், அந்தத் தோட்டா நின்ற இடத்தில், ஒரு சின்ன வட்டத் தடம் பதிந்திருந்தது. துப்பாக்கி அதை மறைத்துக்கொண்டது. அஞ்சு தோட்டாவும் உள்ளேதான் இருந்தன. இறக்கவில்லை.

படுத்துக்கொண்டு, மனசு உறுத்துமா என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தூக்கம் வந்துவிட்டது.